பொய் சொன்னவருக்கு முதல் லாரி

"மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை 9.20, வாசலூர்பட்டி. இந்த வார அட்டவணை இந்தப் பருவத்திலேயே சிறந்தது. இனி மலையில் எந்தக் கிழங்கும் லாரிக்காகக் காத்திருக்காது."

என் நாட்குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கும் வரிகள் இவை. 'எந்தக் கிழங்கும்' என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன். ஆண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சொன்னால் அப்போதைய மேலாளர் யாரென்று உங்களில் சிலர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர் இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார். நீங்கள் இன்னும் சிறிய இடத்தில் இருக்கிறீர்கள். கோடு போட்டு ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து, 11.10க்கு, திண்ணனூர் நாட்டிலிருந்து (கொல்லிமலையில் ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர்) ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். சாலையோரத்தில் ஒரு லாரிக் கிழங்கைக் குவித்துவைத்துவிட்டு அவர் காத்திருந்தார்.

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஓய்வு பெற்றவன். கேட்டால் நிறையவே எழுதுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். என் வெற்றிகளைப் பற்றி நிறுவனத்தின் கையேட்டில் இருக்கிறது, படங்களோடு. கையேட்டில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

கொல்லிமலையில் விளையும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். அந்தக் கிழங்குக்கு ஒரே ஒரு கெட்ட குணம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை மாதக்கணக்கில் பொறுமையாக இருக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாள் உள்ளே கறுக்கத் தொடங்கும். ஆலையில் மாதிரிக் கிழங்கைத் தண்ணீரில் அமுக்கி எடை பார்த்து மாவுச்சத்தைக் கணக்கிடுவார்கள். அதற்குப் பெயர் பாயிண்ட். கறுத்த கிழங்குக்குப் பாயிண்ட் பார்க்கவே மாட்டார்கள். திரும்பி மலையேறச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பருவத்தில் ஆலை நாங்கள் அனுப்பும் லாரிகளை மட்டுமே உள்ளே விட்டது. லாரிகள் மூன்று. காத்திருந்த காடுகள், அதாவது கிழங்கு போட்ட நிலங்கள், ஏராளம். எந்த லாரி எந்த நாளில் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் எங்களிடம் கொடுக்கப்பட்ட கணக்கு.

நான் ஒரு பரிணாம நிரல் எழுதினேன். உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் மாமனாருக்கு விளக்க நேர்ந்தால் இப்படிச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நூறு அட்டவணை போடு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடு. மட்டமானவற்றைத் தூக்கி எறி. நல்லவை இரண்டை எடுத்துப் பாதி இதிலிருந்தும் பாதி அதிலிருந்துமாகச் சேர்த்துப் புதிதாக ஒன்று செய். அவ்வப்போது சும்மா ஓர் இடத்தை மாற்றிப் பார். இதற்குச் சடுதி மாற்றம் என்று பெயர். ஆயிரம் தலைமுறை இதையே செய். கடைசியில் மிஞ்சுவது சிறந்த அட்டவணை. ஆயிரம் தலைமுறையும் என் மடிக்கணினியில் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் பிறந்து இறந்தன. இதைப் பார்க்கும் மனிதனுக்குத் தன்னைப் பற்றி ஓர் உயர்ந்த எண்ணம் வந்துவிடும். எனக்கு வந்தது.

மதிப்பெண் எதை வைத்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முற்றிய கிழங்குக்கு முதலிடம் என்று வைத்தேன். கிழங்கு முற்றிவிட்டதா என்பதை யாரிடம் கேட்பது? கிழங்குக்காரரிடம்தான். வாரம் ஒருமுறை எல்லோருக்கும் போன் செய்து கேட்டோம்.

முதல் வாரம் பாதிப் பேர் 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமுங்க' என்றார்கள். இரண்டாம் வாரம் அப்படிச் சொன்னவர்கள் குறைந்தார்கள். மூன்றாம் வாரம் வாழவந்தி நாட்டில் இருந்த அத்தனை கிழங்கும் ஒரே இரவில் முற்றிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'தரவின் தரம் மேம்பட்டுள்ளது' என்று வார அறிக்கையில் எழுதினேன். அந்த அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டமாட்டேன்.

அவர்களில் தலைசிறந்தவர் பொன்னுசாமி. வாழவந்தி நாட்டுக்காரர், நான்கு ஏக்கர் கிழங்கு, இனிமையான குரல்.

"ஏனுங்க சார், நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?"

"சௌக்கியம். கிழங்கு எப்படிங்க?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க. மண்ணு வெடிச்சுக் கெடக்குதுங்க. ராத்திரி படுத்தா வெடிக்கற சத்தம் கேக்குது. இன்னும் ரெண்டு நாள் போனா கெழங்கே எந்திரிச்சு ரோட்டுக்கு நடந்து வந்துருமுங்க."

முற்றிய நிலை என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டேன். நிரல் அவருக்குச் செவ்வாய்க்கிழமை முதல் லாரியைக் கொடுத்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ஆட்டக் கோட்பாடு தெரியும். நீங்கள் பிறப்பதற்கு முன்பே தெரியும். ஒருவரின் பதிலைப் பொறுத்து அவருக்குப் பலன் கிடைக்குமென்றால், அவர் உண்மையைச் சொல்லாமல் பலன் தரும் பதிலையே சொல்வார் என்று கரும்பலகையில் எழுதிக்காட்டி வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வகுப்பில் ஆடுபவர்கள் பெரிய நிறுவனங்கள், வல்லரசுகள். குச்சிக்கிழங்கு போடுபவரை நான் ஆட்டக்காரராக நினைக்கவில்லை, தரவாக நினைத்தேன். என் நிரல் ஆயிரம் தலைமுறையில் கற்றதை அவர்கள் மூன்று போனில் கற்றுக்கொண்டார்கள். பரிணாமம் எங்கே நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

உண்மை சொன்னவர்களும் இருந்தார்கள். ஒருவர் காளியம்மா. திண்ணனூர் நாட்டில், தார்ச்சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரை மணி நடந்தால் வரும் சிற்றூர். கணவர் இறந்தபின் தனியாக விவசாயம் பார்ப்பவர். வயது ஐம்பது இருக்கும்.

"முத்திருச்சுங்களாம்மா?"

"பரவால்லீங்க சாமி. இன்னும் பத்து நாள்கூடத் தாங்கும். ஆனா திங்கக்கிழமை பிடுங்கிருவோமுங்க."

"தாங்கும்னா எதுக்குத் திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமைதான் எங்கூட்டு மொறைங்க."

அந்த ஊரில் கூலிக்கு ஆள் வைத்துக் கிழங்கு பிடுங்குவதில்லை. பதினோரு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு நாள் ஒரு வீட்டுக் காட்டில் இறங்குவார்கள். பிடுங்குவதும் அவர்களே, தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர்களே. மறுநாள் அடுத்த வீடு. முறையைத் தவறவிட்டால் கடைசி வீட்டுக்குப் பின்னால்தான் திரும்ப வரும். காளியம்மாவுக்கு அது பங்குனியில் வரும். அதற்குள் மழை இறங்கிவிட்டால் அந்தப் பாதையில் சுமையோடு யாரும் நடக்க முடியாது.

என் படிவத்தில் முறை என்ற கட்டம் கிடையாது. ஆகவே 'குறிப்புகள்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டேன். நாம் செய்யும் எல்லாப் படிவங்களிலும் அந்தக் கட்டம் இருக்கும், கவனியுங்கள். மக்கள் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம் என்பதற்கு அது சான்று. நிரல் அதைப் படிக்காது. 'பத்து நாள் தாங்கும்' என்ற உண்மையை மட்டும் அது படித்தது. காளியம்மாவுக்குச் சனிக்கிழமை லாரி போட்டது. திங்கள் பிடுங்கும் கிழங்குக்குச் சனிக்கிழமை லாரி. அட்டவணை தயாரானதும் உரியவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். அந்த ஊரில் சிக்னல் கிடைக்க ஒரு பாறை மேல் ஏற வேண்டும்; எங்கள் வாரப் போனை அவர்கள் எடுப்பதும் அங்கேதான். கிழங்கு பிடுங்கும் நாளில் யாரும் பாறை மேல் ஏறுவதில்லை.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

வாசலூர்பட்டியில், படகுத்துறைக்கு அருகிலிருந்த ஒரு மண்டபத்தில் எங்கள் திட்டத்தின் செயல்விளக்கம். கீழேயிருந்து விருந்தினர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். திரையில் மலையின் வரைபடம். அதில் மூன்று லாரிகளும் மூன்று பச்சைப் புள்ளிகள். மேலாளர் மைக்கைப் பிடித்து, "இங்கே மனிதத் தலையீடு பூஜ்யம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் போன் நடுங்கியது. வெளியே வந்தேன்.

"சாமி, காளியம்மா பேசறனுங்க. லாரி எங்கீங்க சாமி வருது?"

"உங்களுக்குச் சனிக்கிழமைதானேம்மா?"

பின்னால் நின்ற யாரிடமோ அவர் சொன்னது கேட்டது: "சனிக்கெழமையாமா." அதற்கு ஒரு பெண் குரல், "கெழங்குகிட்டச் சொல்லு, சனிக்கெழமை வரைக்கும் மூச்சு வாங்காம இருக்கச் சொல்லு" என்றது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். காளியம்மா சிரிக்கவில்லை.

"நேத்தே பிடுங்கியாச்சுங்க சாமி. பூராவும் ரோட்டுல கெடக்குது. மேக்க மேகம் வேற கட்டிருக்குது. மொறைன்னு உங்ககிட்டச் சொன்னனுங்களே."

"சொன்னீங்க. எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி வச்சீங்களா? அப்ப சரிங்க" என்றார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. "ஒரு வருசக் காடுங்க சாமி. இது கறுத்துச்சுன்னா எனக்கு வேற கெழங்கு இல்லீங்க."

உள்ளே போய் மேலாளரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் விருந்தினர்களைப் பார்த்துப் புன்னகைத்தபடியே பேசினார்.

"இன்னைக்கு ஒருநாள் கையை வைக்காதீங்க. கையால மாத்துனா அப்புறம் அது ஆப்டிமம் இல்ல."

"கிழங்கு கெட்டுடும் சார்."

"அப்ப தரவைத் திருத்தி மறுபடி ஓட்டுங்க. நிரலே முடிவு செய்யட்டும்."

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஓட்டுநர்களின் எண்களும் என் போனில் இருந்தன. ஒருவரைக் கூப்பிட்டு 'திண்ணனூர் நாட்டுக்குப் போங்கள்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் உட்கார்ந்து தரவைத் திருத்தினேன். நிரல் வெள்ளிக்கிழமை என்றது. கெட்டுப்போகும் கிழங்குக்கு மதிப்பெண்ணைக் கூட்டினேன். வியாழன் என்றது. இன்னும் கூட்டினேன். புதன் என்றது; கூடவே வேறு இரண்டு காடுகளைப் பங்குனிக்குத் தள்ளிவிட்டது. மறுபடி திருத்தினேன். நாற்பது நிமிடம். எனக்குத் தேவையான பதில் எனக்கு முன்பே தெரியும். அதை நிரலின் வாயால் வரவழைக்க முயன்றுகொண்டிருந்தேன். பழி வந்தால் அதன் மேல் போகட்டும் என்பதற்காகத்தான். பொன்னுசாமி என்னிடம் செய்ததை நான் நிரலிடம் செய்தேன். அவர் என்னைவிடச் சீக்கிரம் முடித்தார்.

11.55க்கு ஒருவழியாக ஓட்டுநரைக் கூப்பிட்டேன். பொன்னுசாமியின் காட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தவர். அந்த மலைச்சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் இறங்கி ஏறுபவர். பெயரைச் சொல்லமாட்டேன்.

"ஏத்தியாச்சுங்களா?"

"எதை சார் ஏத்தறது? எட்டு மணிக்கு வந்தேன். லாரி மண்ணு மேல நிக்குது, கெழங்கு மண்ணுக்குள்ள நிக்குது. நாலு பேரு இப்பத்தான் பிடுங்கறாங்க. ஒண்ணொண்ணும் என் கட்டைவிரல் தண்டி இருக்குது."

"மண்ணு வெடிச்சிருக்குன்னு சொன்னாரே?"

"வெடிச்சிருக்குது சார். இப்பக் கடப்பாரை போட்ட எடத்துல நல்லா வெடிச்சிருக்குது."

காளியம்மாவின் நிலைமையைச் சொன்னேன். அவர் உடனே, "நான் போகட்டுங்களா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எதை ஓட்டிப் பாக்கறீங்க?"

"நிரலை."

"சார், உங்க கம்ப்யூட்டர் பெட்டி வேவறதுக்குள்ள கெழங்கு வெந்துரும்" என்றார். பிறகு யாரோ அவரிடம் ஏதோ சொல்வது கேட்டது. என்ன சொன்னார்கள் என்பது கேட்கவில்லை. இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே.

12.05க்குத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்தது. ஏற்றி முடியும்வரை வாழவந்தி நாட்டில் அசையாமல் நிற்க வேண்டிய புள்ளி. பன்னிரண்டு விருந்தினர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அது திண்ணனூர் நாட்டுப் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் இருந்த ஒருவர், "இது ஏன் போகிறது?" என்று கேட்டார். மேலாளர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பன்னிரண்டு ஆண்டுப் பதவி உயர்வுகள் வரிசையாக நின்றன.

"சடுதி மாற்றம்" என்றேன்.

விருந்தினர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். மேலாளர் மைக்கில், "நிரல் நிகழ்நேரத்தில் தன்னைத் தானே மேம்படுத்திக்கொள்கிறது, பாருங்கள்" என்றார். கைதட்டினார்கள். மதிய உணவுக்குப் பின் எல்லோரும் படகில் ஏறி ஏரியைச் சுற்றினார்கள். நான் கரையில் நின்று மேற்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு லாரியை ஏற்ற வழக்கமாக மூன்று மணி நேரமாகும். ஒன்றேகாலுக்கு அங்கே போய்ச் சேர்ந்த லாரியைப் பதினோரு வீட்டாரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றினார்கள். அன்று அவர்கள் இருக்க வேண்டியது அடுத்த வீட்டுக் காட்டில். அதை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்திருந்தார்கள். நாலரை மணிக்கு மழை வந்தபோது லாரி கடைசி வளைவுகளில் இருந்தது. ஆலை கிழங்கை எடுத்துக்கொண்டது. பாயிண்ட் சீட்டின் நகலை நானே பார்த்தேன். ஒரு குறையும் எழுதவில்லை.

இங்கேயே முடித்திருந்தால் இது கையேட்டில் சேர்க்கத் தக்க கதை. வெள்ளிக்கிழமை விசாரணை வைத்தார்கள்.

அட்டவணையை மீறுபவர்களைத் திருத்துவதற்காக எங்களிடம் இரண்டு விதிகள் இருந்தன. இரண்டும் நான் எழுதியவை. ஆட்டக் கோட்பாடு படித்தவன் எழுதியது என்று பெருமையோடு கையொப்பமும் இட்டிருந்தேன். ஒன்று: தனக்கு வந்த லாரியைத் தானாக விட்டுக்கொடுக்கும் கிழங்குக்காரர் பட்டியலின் கடைசிக்குப் போவார். பொய்யாகப் பதிவு செய்வதைத் தடுக்க இது. இரண்டு: உத்தரவில்லாமல் லாரியைத் திருப்பும் ஓட்டுநருக்கு ஒரு வாரம் வண்டி கிடையாது. ஓட்டுநர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் காட்டுக்குப் போவதைத் தடுக்க இது.

ஓட்டுநர் சொன்னார்: "பொன்னுசாமி அண்ணந்தாங்க போகச் சொன்னாரு. 'எங்கெழங்கு மண்ணுக்குள்ள பத்திரமா இருக்குது, அந்தம்மா கெழங்கு வெயில்ல கெடக்குது, போப்பா'ன்னாரு."

பொன்னுசாமி சொன்னார்: "நான் எங்கீங்க சொன்னேன்? டீ வாங்கிட்டு வரலாம்னு அந்தப் பக்கம் திரும்புனேன், லாரியைக் காணோம். எனக்குப் பெரிய நட்டமுங்க சார்."

இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தும் கேட்டோம். ஓட்டுநர் பொன்னுசாமியைப் பார்த்து, "அண்ணா, நல்ல காரியந்தானே செஞ்சீங்க, ஒத்துக்கங்க" என்றார். பொன்னுசாமி, "நீதான் கண்ணு நல்ல காரியம் செஞ்சே. நீயே ஒத்துக்க" என்றார்.

என் இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொன்னுசாமி லாரியைக் கொடுத்திருந்தாலும் கொடுக்கவில்லை என்றுதான் சொல்வார். ஓட்டுநர் தானாகத் திருப்பியிருந்தாலும் அவர் அனுப்பினார் என்றுதான் சொல்வார். ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. அதைச் செய்தவர் யாரானாலும் அதை மறுப்பதே அவருக்கு லாபம் என்று நான் சட்டம் எழுதி வைத்திருந்தேன். நேர்மையை வளர்க்க எழுதிய விதிகள் அவை.

நான் என்ன செய்தேன் என்றும் கேட்பீர்கள். 'நான்தான் போகச் சொன்னேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இருவரும் தப்பியிருப்பார்கள். மேலாளரின் உத்தரவை மீறியவன் என்ற பெயர் எனக்கு வந்திருக்கும். யோசித்தேன். 'தகவல் தொடர்புக் கோளாறு' என்று எழுதினேன். யாருக்கும் தண்டனை இல்லை, யாருக்கும் பாராட்டும் இல்லை. நம் தொழிலில் அதிகம் பேரைக் காப்பாற்றிய சொற்றொடர் அதுதான். கிழங்கை அது காப்பாற்றியதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து முற்றிவிட்டதா என்று கேட்பதை நிறுத்தினோம். 'உங்கள் வீட்டு முறை எந்த நாள்?' என்று மட்டும் கேட்டோம். ஒருவர் தன் கிழங்கைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மண்ணுக்குள் யாரும் பார்க்கப்போவதில்லை. தன் முறையைப் பற்றிப் பொய் சொன்னால் பத்து வீட்டுக்காரர்களுக்கு அன்றே தெரிந்துவிடும். கூலிக்கு ஆள் வைப்பவர்களிடம் எந்த நாளுக்கு ஆள் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டோம். அந்த ஆட்களையும் கேட்டோம். பொன்னுசாமியின் மண் வெடிப்பது அந்த வாரமே நின்றுவிட்டது. இளைஞர்களே, நிரலைக் கூர்மையாக்குவதற்கு முன்னால் கேள்வியை மாற்றுங்கள். பொய் சொன்னால் பக்கத்து வீட்டுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள். அப்படிக் கேட்டபின் மிச்சமிருந்த கணக்கு மிகச் சிறியது. அதற்கு ஆயிரம் தலைமுறை தேவைப்படவில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதுமாக இருந்தது. மேலாளரிடம் மட்டும் நிரல்தான் போடுகிறது என்று சொல்லிவைத்தோம்.

விசாரணை முடிந்த மறுநாள், சனிக்கிழமை, காளியம்மாவைப் பார்க்கப் போனேன். லாரியை அனுப்பியது யாரென்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டேன்.

"லாரி வந்துச்சுங்க சாமி. அது போதுமுங்க."

"ஓட்டுநர் ஏதாவது சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு. அதை நான் உங்ககிட்டச் சொன்னா நீங்க எழுதி வைப்பீங்க. அடுத்த வருசம் அவரு பேரு கடைசியில போயிரும். வேண்டாமுங்க." பிறகு, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். குடித்தேன்.

'அவரு' என்றார். லாரியை விட்டுக்கொடுத்தால் பட்டியலில் கடைசிக்குப் போவது கிழங்குக்காரர் பெயர்தான். ஓட்டுநருக்குப் பட்டியலே கிடையாது. அப்படியென்றால் அது பொன்னுசாமியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு விதிகளில் எது யாருக்கு என்று காளியம்மாவுக்குச் சரியாகத் தெரிந்திருந்ததா என்பதை நான் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, எந்த விதியும் யாரையும் தொட முடியாத நிலையில், பொன்னுசாமிக்கு இருமுறை போன் செய்தேன். இருமுறையும் என் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார்.

அன்று பொய் சொல்லி முதல் லாரியை வாங்கியவர்தான் அதை மனதார விட்டுக்கொடுத்தாரா, இல்லை அவர் தேநீர் வாங்கப் போன நேரத்தில் லாரி பறிபோனதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.